வலப்பக்கத்து மெடல்

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் சார், உங்கள் சட்டையில் அந்தக் கொடி வலப்பக்கம் குத்தியிருக்கிறது. இடப்பக்கம் வர வேண்டும். நாளைக்குத்தானே குடியரசு தினம், அதற்குள் மாற்றிக்கொண்டால் போதும், அவசரமில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குத்திவிட்டதா? அவர்கள் அப்படித்தான் குத்துவார்கள். எதிரே நின்று குத்துகிறவனுக்குத் தன் இடக்கைப் பக்கம்தான் இடம். உலகத்துத் தவறுகளில் பாதி, எதிரே நின்று பார்ப்பதால் வருகிறது.

கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள், இந்தப் பையை மடியில் வைத்துக்கொள்கிறேன். மேலே வைத்தால் என் கண்ணும் மேலேயே இருக்கும். இல்லை, நகை எல்லாம் இல்லை. முருங்கைக்காய். முருங்கைக்காய்தான் இருக்கிறது என்பதுதான் பிரச்சினையே. இந்தப் பைக்குள் இப்போது இருக்க வேண்டியது வேறு.

வேலூர்ப் பக்கம் போகிறேன். மதுரையில் மாறி, திருச்சியில் மாறிப் போக வேண்டும். காலையில் மைதானத்தில் இருக்க வேண்டும், கலெக்டர் கொடியேற்றுகிறார். போய்விடலாம், இல்லையா? இந்த வண்டி எல்லா ஊரிலும் நிற்கிறதே. கண்டக்டரைக் கேட்டேன், எக்ஸ்பிரஸ்தான் என்கிறார். எக்ஸ்பிரஸ் என்று பேர் வைத்தால் எக்ஸ்பிரஸ் ஆகிவிடுமா?

என்ன, நான் பேசுவது அச்சடித்த மாதிரி இருக்கிறதா? என் மகள் மங்கையர்க்கரசியும் அதைத்தான் சொல்வாள். வாழ்நாளெல்லாம் கோப்பு எழுதிய கை சார், வாயும் அதன் வழியே போய்விட்டது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவன். பட்டாளத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை, தட்டைப் பாதம். ஆனால் ஒரு மெடலை எந்தப் பக்கம், எதற்கு அடுத்து, எந்த உடைக்கு மேல் போட வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். வராவிட்டால் நானே போய்ச் சொல்வேன்.

ஊரில் எல்லாரும் ஜாதகம் பார்த்துப் பெண் கொடுப்பார்கள். நான் மெடல் பார்த்துக் கொடுத்தேன். சிரிக்காதீர்கள். ஹவில்தார் தாண்டவராயன் என்று ஒருவர் ஏதோ சான்றிதழுக்காக அலுவலகத்துக்கு வந்தார். ஆதாரம் கேட்டேன். ஒரு சவரப் பெட்டியைத் திறந்தார். பிளேடுக்கும் படிகாரத்துக்கும் நடுவே இரண்டு மெடல். ஒன்று சேனா மெடல், அறுபத்தைந்து யுத்தத்தில் வாங்கியது. மற்றது வீர் சக்ரா, எழுபத்தொன்றில் மேற்கு எல்லையில். காலாட்படையில் ஹவில்தாராக இருந்தவர் வீர் சக்ரா வாங்குவதென்றால் அது என்ன விஷயம் என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் சர்க்கரை நோய் சீட்டோடு வருகிறவர்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன். அவர், "உக்காருங்க சார், படிகாரம் கொட்டிடப் போவுது" என்றார்.

அவருக்கு ஒரு மகன், மின்வாரியத்தில் வேலை, நல்ல பையன். எனக்கு ஒரு மகள். பிறகென்ன. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையைப் பார்க்க வந்த கூட்டத்தை நான் சம்பந்தி பக்கம் திருப்பிவிட்டேன். அவர் அன்றைக்கு மெடல் போடவில்லை. வேட்டி சட்டைக்கு மெடல் எதற்கு என்று கேட்டார். அது விதிப்படி சரி என்பதால் நான் வற்புறுத்தவில்லை. ஆனால் பாராட்டுரையை மைக்கில் வாசித்தேன்.

பாராட்டுரை என்றால், மெடல் கொடுக்கும்போது இன்ன வீரச் செயலுக்காக என்று அரசாங்கம் எழுதித் தருகிற தாள். ஆங்கிலத்தில் இருக்கும், வறட்டு ஆங்கிலம். எதிரியின் மெஷின்கன் ஒரு கால்வாய்க் கரைமேல் இருந்தது, முன்னேற முடியவில்லை, இவர் போய் அதை அடக்கினார், இவ்வளவுதான். நான் அதைத் தமிழில் ஆக்கினேன். சும்மா பெயர்க்கவில்லை சார், ஆக்கினேன். ஒரு வாக்கியம் மட்டும் சொல்கிறேன், கேளுங்கள். 'பகைவரின் தோட்டா மழையைத் துச்சமென மதித்து, தன்னந்தனியாகத் தவழ்ந்து சென்று, வெறுங்கையால் அந்த நெருப்பு வாயை அடைத்து, வெற்றியை நம் பாசறைக்கு அழைத்து வந்த வீரத் திலகம்.' எப்படி? மூச்சு விடாமல் ஒரே ஓட்டம். ஆங்கிலத்தில் நடுவே ஒரு வால் தொங்கியது. கூட வந்த சிப்பாய் ஒருவன் எதிரியின் துப்பாக்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு விழுந்தான் என்று. பேர்கூடப் போடவில்லை. அதைத் தமிழில் வைத்துப் பார்த்தேன், வாக்கியம் நொண்டியது. எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'தன்னந்தனியாக' என்று வைத்தேன். குதிரை மாதிரி ஓடியது. மொழிபெயர்ப்பு என்றால் இதெல்லாம் செய்துதான் ஆக வேண்டும்.

இது என்ன ஊர்? கயத்தாறா? இன்னும் கயத்தாறுதானா?

எங்கே விட்டேன். ஆமாம், பாராட்டுரை. கல்யாணத்துக்குப் பிறகு, சுதந்திர தினம், குடியரசு தினம், கொடி நாள், பள்ளி ஆண்டு விழா, எங்கே மைக் கிடைத்தாலும் வாசித்தேன். ஒவ்வொரு தடவையும் சம்பந்திக்கு அந்த நேரம் பார்த்து டீ குடிக்கத் தோன்றும். நான் 'பகைவரின்' என்று ஆரம்பிப்பேன், அவர் எழுந்து வாசல் பக்கம் போவார். கைதட்டல் ஓய்ந்த பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். கூச்ச சுபாவம். ஒருதரம் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது மெதுவாகக் கேட்டார்.

"வெறுங்கையால எவனாவது சுடுற மெஷின்கன்னைப் புடிப்பானா சம்பந்தி? கை வெந்துடும். நான் எறிகுண்டு போட்டேன்."

"அது அணி, சம்பந்தி. உயர்வு நவிற்சி" என்றேன்.

"சரி, அது அணியா இருக்கட்டும். தன்னந்தனியான்னு ஒண்ணு வருதே. நான் தனியாப் போவல."

இதற்கு நான் என்ன சொல்வது? சண்டை என்றால் புகையும் சத்தமும். அந்தக் குழப்பத்தில் யார் முன்னே, யார் பின்னே என்று ஞாபகம் மாறிப்போவது இயற்கை. அதை நான் அவருக்குப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "நீங்க அங்க இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் சம்பந்தி" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவும் முன்னுரை.

கொடி நாள் விழாவில் மேடைப் படிக்கட்டில் எனக்கு ஒரு வேலை உண்டு. ஓய்வு பெற்ற பிறகும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், வேறு ஆள் இல்லை. சண்டையில் இறந்துபோனவர்களின் மனைவிமார், தாய்மார் வருவார்கள். கணவனுடைய, மகனுடைய மெடலைப் போட்டுக்கொண்டு வருவார்கள். பாதிப் பேர் இடப்பக்கம் குத்தியிருப்பார்கள். நான் நிறுத்தி, வலப்பக்கம் மாற்றச் சொல்வேன். ஏனென்றால் அதுதான் முறை. மைக்கிலும் ஒரு தரம் சொல்லிவிடுவேன்: 'இடது, வாங்கினவருக்கு. வலது, போனவருக்காக.' நானே கட்டிய வாசகம். கச்சிதமாக இல்லை?

சம்பந்தி எப்போதும் கடைசி வரிசை. ஒரு வருஷம் விழா முடிந்து நாற்காலி மடக்கிக்கொண்டிருக்கிறார்கள், என் பக்கத்தில் வந்து நின்றார்.

"வலப்பக்கம் யாரு யாரு போடலாம் சம்பந்தி?"

இவர் இப்படி ஒரு சந்தேகம் கேட்டதே இல்லை. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மனைவி, மக்கள், பெற்றவர்கள், உடன்பிறந்தவர்கள் என்று விரலை மடக்கிச் சொன்னேன். "சுருக்கமாகச் சொன்னால் ரத்த சம்பந்தம் வேண்டும்" என்றேன்.

"ரத்தந்தான" என்று தன் சட்டையை ஒருதரம் தடவிக்கொண்டார். "அப்ப சரி."

நான் புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். அடுத்து வந்த சுதந்திர தினத்துக்கு மனிதர் எப்படி வந்தார் தெரியுமா? சேனா மெடல் இடப்பக்கம். வீர் சக்ரா வலப்பக்கம்.

எனக்குக் கொடிக்கம்பமே சாய்ந்த மாதிரி இருந்தது சார். நீங்கள் யோசித்துப் பாருங்கள். இரண்டில் பெரியது வீர் சக்ரா. அது இடப்பக்கம், நெஞ்சின் நடுவை ஒட்டி, முதலாவதாக வர வேண்டும். அதற்கு அடுத்துத்தான் மற்றது. அதை எடுத்து வலப்பக்கம் வைத்தால் என்ன அர்த்தம்? உயிரோடு இருக்கிற மனிதர் தன் மெடலைத் தானே வலப்பக்கம் போட்டுக்கொண்டால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? தாண்டவராயன் செத்துவிட்டார், அவர் தம்பி வந்திருக்கிறார் என்று நினைக்க மாட்டானா? இதை அவரிடமே கேட்டேன்.

"நெனச்சிட்டுப் போறான்" என்றார்.

பாருங்கள், விதியைச் சொல்லிக்கொடுத்ததே நான். என்னிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் என்றால் அறியாமை என்று விட்டுவிடலாம். என் சம்பந்தியே இப்படி நின்றால் நாளைக்கு நான் படிக்கட்டில் நின்று ஒரு விதவைக்கு எந்த முகத்தோடு பக்கம் சொல்வது? அதிலிருந்து ஒவ்வொரு விழாவுக்கும் இதே கதை. மைதானத்துக்குள் நுழையும்போது நான் வலப்பக்கத்திலிருந்து கழற்றி இடப்பக்கம் குத்துவேன். மரியாதைக்காகச் சும்மா நிற்பார். கொடியேற்றும்போது திரும்பிப் பார்த்தால் வலப்பக்கத்துக்குப் போயிருக்கும். வருஷக்கணக்காக இது நடந்தது. மங்கையர்க்கரசி, "விடுங்கப்பா, மாமா ஆசைக்கு எங்கயாவது போட்டுட்டுப் போவட்டும்" என்பாள். ஆசைக்குப் போடுகிற இடமா அது? கம்மலா?

நீங்கள் இன்னும் மாற்றவில்லை போலிருக்கிறது. பரவாயில்லை, ஞாபகப்படுத்தினேன், அவ்வளவுதான்.

போன மாதம் கொடி நாளுக்கு முன்னால் ஒரு யோசனை வந்தது. பட்டாளத்துக்காரர்கள் இரண்டு மூன்று மெடல் இருந்தால் ஒரே பட்டையில் சேர்த்துத் தைத்துப் போடுவார்கள். ஒன்றுக்கொன்று ஒட்டி நிற்கும், தனியாக எடுக்க முடியாது. வேலூரில் அதற்கென்று ஒரு தையல்காரர் இருக்கிறார். மகளிடம் சொல்லிச் சவரப் பெட்டியிலிருந்து இரண்டையும் வாங்கி, வீர் சக்ரா முதலில், சேனா மெடல் அடுத்து, கெட்டி நூலால் தைக்கச் சொன்னேன். நாடாக்களை மாற்றி, வெள்ளியைத் துலக்கி, கண்ணைப் பறிக்கிற மாதிரி ஆகிவிட்டது. விழா அன்று காலை மைதானத்தில் வைத்து நானே அவர் இடப்பக்கம் குத்தினேன். சம்பந்தி குனிந்து பார்த்தார். பட்டையை ஆட்டிப் பார்த்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மைதானத்துக்கு எதிரே ஒரு சலூன் இருக்கிறது. நேரே அங்கே போனார். நான் சவரம் செய்துகொள்ளப் போகிறார் என்று நினைத்தேன், முகத்தில் இரண்டு நாள் முள். அவர் பிளேடு கேட்டு வாங்கி, சலூன் கண்ணாடி முன்னால் நின்று நூலை அறுத்துவிட்டார் சார். என்ன நூல் தெரியுமா அது? செருப்புத் தைக்கிற மாதிரி நூல். அறுத்து, வீர் சக்ராவை மட்டும் பிரித்து, வலப்பக்கம் குத்திக்கொண்டு, சாலையைக் கடந்து வந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை முதல் வரிசையில். தொங்குகிற நூலோடு.

சரி, போகட்டும் என்று நான் பாராட்டுரையை ஆரம்பித்தேன். டீக்கு எழுந்து போவார் என்று பார்த்தேன், போகவில்லை. 'தன்னந்தனியாக' வந்தது. எழுந்தார். படி ஏறி மேடைக்கே வந்துவிட்டார். என் கையிலிருந்த மைக்கை எடுத்துக்கொள்ளவில்லை, என் கையோடு சேர்த்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தனியா இல்லீங்க. ஏசுவடியான்னு ஒரு பையன். அவன் மொதல்ல எழுந்தான். மெஷின்கன்னு அவன் பக்கம் திரும்புச்சு. அந்த நேரத்துல நான் போனேன். இது அவனுது."

வலப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். இறங்கிப் போய் உட்கார்ந்துவிட்டார்.

மேடையில் ஓர் ஓய்வு பெற்ற கர்னல் இருந்தார், அவர் எழுந்து நின்றுவிட்டார், ஏனென்று தெரியவில்லை. விழாவே தடம் புரண்டுவிடும் போலிருந்தது. நான் விடவில்லை. உடனே மைக்கைத் திருப்பி, "வீரத்தைவிடப் பெரியது தன்னடக்கம், அதற்கு நம் ஹவில்தாரே சாட்சி" என்றேன். கைதட்டல் அள்ளிக்கொண்டு போயிற்று. ஒரு நெருக்கடியை அவ்வளவு நாகரிகமாக நான் சமாளித்ததே இல்லை. சம்பந்தி மட்டும் கைதட்டவில்லை. தன்னைப் பற்றிய பாராட்டுக்குத் தானே கைதட்ட மாட்டார்தானே. அன்று மகள் வீட்டில் சாப்பாட்டில் உட்கார்ந்தபோது, "ஒங்களுக்கு எவ்ளோ படிப்பு சம்பந்தி" என்று மட்டும் சொன்னார். நன்றி என்றேன். மங்கையர்க்கரசி ரசத்தை என் இலைக்கு வெளியே ஊற்றினாள்.

பொங்கல் சீர் கொண்டு போனபோதுதான் தெரிந்தது. கரும்பும் மஞ்சள் கொத்தும் இறக்கி வைத்துவிட்டு, சரி, அந்தப் பட்டையை மறுபடி தைக்கக் கொடுக்கலாமே என்று சவரப் பெட்டியைக் கேட்டேன். திறந்தால் சேனா மெடல் மட்டும் இருக்கிறது.

"வீர் சக்ரா எங்கே?"

"தெக்கே போயிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"யாருக்கு?"

"ஏசுவடியான் தங்கச்சிக்கு. ரொம்ப நாளாப் போவணும்னு இருந்தேன். போவத்தான் கூசிச்சு."

கரும்பைக் கடித்துத் துப்பிக்கொண்டு சொன்னார் சார், ஏதோ அரிவாள்மனையை இரவல் கொடுத்த மாதிரி. அரசாங்கம் ஒருவருக்குத் தந்த விருதை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. விளிம்பைப் பார்த்தால் தெரியும், எண்ணும் பெயரும் பொறித்திருக்கும், தாண்டவராயன் என்று. இத்தனையும் எடுத்துச் சொன்னேன். அவர் சிரித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எனக்கு எப்படி இருக்கும்? நாளைக்கு மைதானத்தில் வீர் சக்ரா பெற்றவருக்கென்று முதல் வரிசையில் நாற்காலி. நான் அலைந்து ஏற்பாடு செய்தது. கலெக்டர் வந்து கைகுலுக்குவார், நான் பாராட்டுரை வாசிப்பேன். மார்பில் மெடல் எங்கே என்று கேட்டால்? திருப்பி வாங்கி வருகிறேன் என்று நேற்று கிளம்பினேன். மங்கையர்க்கரசி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, நீங்க அத வாங்கினு வந்தீங்கன்னா மாமா உங்க மூஞ்சியில முழிக்க மாட்டாரு. அவரு முழிச்சாலும் நான் முழிக்க மாட்டேன்."

பெற்ற மகள் சார். ஒரே மகள். நான் விதியைச் சொல்கிறேன், அவள் மூஞ்சியைச் சொல்கிறாள். சம்பந்திதான் உள்ளே இருந்து வந்து, "உடும்மா, போயிட்டு வரட்டும்" என்றார். வழிகூட அவரே சொன்னார். பூவன்விளை என்று கேட்டு இறங்கணும், கோயில் தெரு, அன்னப்பழம் வீடு என்றால் காட்டுவார்கள். "நீங்களே அந்தப் புள்ளகிட்ட கேளுங்க. குடுத்தா வாங்கிக்குங்க" என்றார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்தப் புள்ளை என்று அவர் சொன்னது ஐம்பது தாண்டிய அம்மாள். செம்மண் முற்றம் முழுக்க முருங்கைக்காய். லாரிக்குப் போகிறது போலிருக்கிறது, கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். இன்னார் என்று சொன்னேன்.

"வேலூர் அண்ணாச்சிக்குச் சம்பந்தியா? வாங்க, வாங்க. வெயில்ல வந்துருக்கிய" என்று கயிற்றுக் கட்டிலை நிழலுக்கு இழுத்துப் போட்டாள். கருப்பட்டிக் காப்பி வந்தது. நான் குடித்துவிட்டு ஆரம்பித்தேன். மெடல் என்றால் என்ன, யாருக்குச் சொந்தம், இடப்பக்கம் எப்போது, வலப்பக்கம் எப்போது, விளிம்பில் என்ன இருக்கிறது, ஒன்று விடவில்லை. அவள் பாட்டுக்கு நாரை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே, ம், சொல்லுங்க, ம், என்று கேட்டாள். இப்படிப் பொறுமையாக என்னை யாரும் கேட்டதில்லை என்று வையுங்கள். விளிம்பு என்றதும் மட்டும் நிமிர்ந்தாள்.

"அண்ணாச்சியே காட்டுனாவ. சுத்தி எம்பேரு இருக்கும்மா, ஆனா நடுவுல அவந்தான் இருக்கான்னாவ."

காப்பி இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

நான் மறுப்பாள் என்று நினைத்தேன். மறுத்தால் பேச என்னிடம் நிறைய இருந்தது. அவள் சொன்னது வேறு.

"எடுத்துக்கிடுங்க. கவர்மெண்டு சாமான் வேணுன்னா நான் என்னத்த சொல்ல. உள்ள அண்ணன் போட்டாவுல இருக்கு. என் கையெல்லாம் பிசின். நீங்களே கழத்திக்கிடுங்க."

உள்ளே போனேன். இருட்டு, கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. சுவரில் ஒரு படம். பட்டாளத்து உடையில் ஒரு பையன். பையன்தான் சார், மீசை அரும்பிக்கொண்டிருந்தது, காதைத் தாண்டி நிற்கிற தொப்பி. படத்தின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அட்டையோடு சேர்த்து மெடலைக் குத்தியிருந்தார்கள். பாதி கருநீலம், பாதி காவி, நான் மாற்றிய புது நாடா. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, வலப்பக்கம் குத்தியிருக்கிறார்கள். நான் நினைத்தேனே, இந்த ஜனங்களுக்குப் பக்கமே தெரியாது என்று. திருத்துவதற்குக் கை எடுத்துக்கொண்டு போனேன். கிட்டே போன பிறகுதான் உறைத்தது. எனக்குத்தான் அது வலப்பக்கம். அவன் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு அது இடப்பக்கம். சட்டைப் பைக்கு மேலே, எங்கே இருக்க வேண்டுமோ அங்கே.

வருஷக்கணக்காக நான் எவ்வளவு பாடுபட்டேன் அந்த மெடலை ஒரு இடப்பக்கத்தில் நிறுத்த. அங்கே அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

கழற்றினீர்களா என்று கேட்கிறீர்கள். கழற்றத்தான் போனேன். ஊக்கு லேசாகச் சாய்ந்திருந்தது. அதை நேராக்கினேன். சாய்ந்திருந்தால் எனக்குப் பொறுக்காது. நேராக்கின பிறகு உடனே கழற்றுவது எப்படியோ இருந்தது. அதற்குள் அந்த அம்மாளும் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்துவிட்டாள்.

"அந்த மெடலுக்கு ஒரு பேப்பர் உண்டாமே. அண்ணாச்சிகிட்ட கேட்டேன், அது நம்ம சம்பந்திகிட்ட இருக்கு, அவுகதான் நல்லா வாசிப்பாகன்னாவ. வச்சிருக்கியளா?"

பையில் எப்போதும் இருக்கும். எடுத்தேன்.

"எங்கண்ணன் பேரு அதுல உண்டா?"

இப்போது நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். "வாசிக்கிறேன், கேளுங்கள்" என்றேன்.

வாசித்தேன். மனப்பாடம், தாளே வேண்டாம். தோட்டா மழை வந்தது. துச்சமென வந்தது. அதற்கு அடுத்து அந்த இடம். எத்தனையோ மேடையில் வழுக்கிக்கொண்டு போன இடம் சார், அங்கே வந்து நாக்கு நின்றுவிட்டது. எதிரே அவள் நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் முற்றத்து வெயில், எனக்குப் பின்னால் அந்தப் பையன். நான் பாட்டுக்கு ஏதோ சேர்த்துவிட்டேன். அவன் பேரைச் சேர்த்தேன், அவன் எழுந்ததைச் சேர்த்தேன். ஓட்டம் போயிற்று. வாக்கியம் மூன்றாக உடைந்தது. திலகம் எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. ஒரு புலவன் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வான்.

தாளில் இல்லாததை வாசித்தேன் என்று நினைக்காதீர்கள். ஆங்கில மூலத்தில் அந்த வால் இருக்கிறது. பேர்தான் இல்லை. மூலத்துக்கு விசுவாசமாக இருந்தேன் என்றே சொல்லலாம்.

அவள் அழவில்லை. அழுவாள் என்று நினைத்துக் கைக்குட்டைகூட எடுத்தேன். "பேரப் போட்டுருக்காவளா, சரி" என்று தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி முருங்கைக்காய் கட்டப் போய்விட்டாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "அந்த இடத்த மட்டும் இன்னொருக்க சொல்லுங்க" என்றாள். சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பினேன். ஒரு கட்டு முருங்கைக்காயைப் பையில் திணித்துவிட்டாள். மெடலை எடுக்கவில்லையே என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நாளைக்குச் சம்பந்தி முதல் வரிசையில் உட்காருவார். இடப்பக்கம் சேனா மெடல். வலப்பக்கம் காலியாக இருக்கும். விதிப்படி பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது. கலெக்டர் கேட்டால் என்ன சொல்வது என்பதுகூட எனக்குக் கவலையில்லை, உரியவரிடம் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம், அலுவலகப் பாஷைதான். பாராட்டுரைதான் உதைக்கிறது. பழைய ஓட்டம் நாக்கில் இருக்கிறது, ஆரம்பித்தால் அதுவே ஓடிவிடும். சம்பந்தி டீக்கு எழுந்து போனால் எனக்குத் தெரிந்துவிடும். உட்கார்ந்தே இருந்தாலும் தெரிந்துவிடும். மகள் வேறு பெண்கள் பக்கத்தில் நின்றுகொண்டு என் வாயையே பார்ப்பாள்.

மதுரை வந்துவிட்டதா? அது திருமங்கலம்தானா? அப்படியென்றால் நேரம் இருக்கிறது.

இல்லை, வேண்டாம், இப்போது எதற்கு அந்தக் கொடியைக் கழற்றுகிறீர்கள். இருக்கட்டும், அங்கேயே இருக்கட்டும். ஒரு உபகாரம் செய்யுங்கள். பூவன்விளையில் சொன்னபடி சொல்லிப் பார்க்கிறேன், காது கொடுத்துக் கேட்டு, எங்கே இடிக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

'சிப்பாய் ஏசுவடியான் முதலில் எழுந்தான். துப்பாக்கி அவன் பக்கம் திரும்பியது. அந்த நேரத்தில் ஹவில்தார் தாண்டவராயன் போனார்.'

இடிக்கிறது, இல்லையா? ஓசையே இல்லை. எங்கேயோ இடிக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை. இருங்கள், இன்னொரு தரம் சொல்கிறேன்.